தினம் ஒரு கரண்டி

மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர் ஒன்றில் மழைக்காக ஒரு மிளகு விவசாயியின் வீட்டில் ஒதுங்கியிருக்கிறேன். நான் பாண்டிச்சேரிக்காரன் என்று தெரிந்ததும், கேழ்வரகுப் பானைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்து நீட்டி, பாயில் படுத்திருக்கும் மனைவியைக் காட்டுகிறார்.

"பிள்ளை பெத்ததுல இருந்து இவளுக்கு உடம்பு தேறலீங்க. போன பேறுகாலத்துல டாக்டர் குடுத்த ஒயின் தேனாட்டம் இருந்துச்சு. இது உங்க ஊர்ல இருந்து லாரிக்காரர் கொண்டாந்ததுங்க. ஏனுங்க இப்படிப் புளிக்குது?"

தக்கையை எடுத்து மோந்து பார்க்கிறேன். காடி நெடி அடிக்கிறது.

"எப்பத் திறந்தீங்க?"

"ஒரு மாசம் இருக்குமுங்க. சீக்கிரம் தீந்துறக் கூடாதுன்னு தினம் ஒரு கரண்டிதான் குடுக்கறேன்."

டாக்டர் கொடுத்தது போர்ட் ஒயின். சாராயம் கலந்த இனிப்புச் சரக்கு, திறந்தாலும் வாரக்கணக்கில் தாங்கும். இது சாப்பாட்டோடு குடிக்கிற சாதா ஒயின், நாலு நாளில் கெட்டுவிடும். சிக்கனமாக வைத்திருந்ததுதான் தப்பு. சொல்லிவிடுகிறேன்.

பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்.

"குடுக்கறதுக்கு ஊட்டுல வேற ஒண்ணும் இல்லீங்க."

கரண்டியில் ஊற்றிப் பாயருகே கொண்டு போகிறார். அந்தப் பெண் விழுங்குகிறாள். அவ்வளவு புளிப்புக்கும் அவள் முகம் சுளிக்கவே இல்லை.