ஒருவரும் விழாத கிடங்கு

இரண்டு வருடங்களுக்கு முன், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் நடந்தது இது. பெர்தொனே தெருவுக்குப் பக்கத்தில் ஒடுங்கலான ஒரு கடை. குளிர்காலத்துச் சனிக்கிழமை மத்தியானம். சனிக்கிழமையில் எங்கள் தெரு எப்படி இருக்கும் என்பது இங்கே சாமான் வாங்க வந்தவர்களுக்குத் தெரியும். உள்ளே நிற்கவே இடம் இருக்காது.

நான் அந்தக் கடையில் ரோல்ஸ், பற்றிஸ் என்று பொரித்த சிற்றுண்டிகள் செய்கிறவள். பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருந்து ரயிலில் வந்து போகிறேன். பிரெஞ்சு ஓரளவு பேசுவேன் என்பதால் கடைக்கு வரும் பிரெஞ்சுக்காரருக்குப் பதில் சொல்வதும் என் தலையில்தான் விழும்.

பழைய பாரிஸ் கட்டடங்களில் கடைக்குக் கீழே ஓர் அறை இருக்கும். எங்கள் கடையில் அதற்கு இறங்கும் வழி கவுண்டருக்குப் பின்னால், எல்லோரும் போய் வருகிற இடத்தில், தரையிலேயே இருக்கிறது. மரக் கதவைத் தூக்கினால் செங்குத்தான படி. அரிசி மூட்டை, தேங்காய்ப்பால் டின், இறைச்சி வைக்கும் குளிர்ப்பெட்டி எல்லாம் கீழே. கதவு மூடியிருந்தால் அது தரை. திறந்திருந்தால் பள்ளம். நாங்கள் அதைக் கிடங்கு என்றுதான் சொல்வோம்.

கதவைத் தூக்குகிறவர் "கிடங்கு!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் கேட்டு விலக வேண்டும். எங்கள் பாதுகாப்பு ஏற்பாடு அவ்வளவுதான்.

முதலாளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. வேலைக்கு ஆள் எடுத்தால் இருக்க அறையும் பார்த்துக் கொடுப்பார். பிள்ளை பெரியவளாகிச் சாமத்தியச் சடங்கு வைத்தால் முதல் வரிசையில் வந்து உட்காருவார். அதனால் வேறு கடைகளில் முதலாளியிடம் கேட்கக்கூடியதை அவரிடம் கேட்க முடியாது. முதலாளியோடு சண்டை பிடிக்கலாம், அண்ணையோடு எப்படிப் பிடிப்பது? பெருத்த உடம்பு. இடுப்பில் எப்போதும் ஓர் அகலமான பட்டி கட்டியிருப்பார். கேட்டால் "குளிருக்கு" என்பார். கவுண்டருக்குப் பின்னால் போகும்போது சுவரோடு ஒட்டியபடி பக்கவாட்டில்தான் நடப்பார். வயிறு இடிக்காமல் இருக்கத்தான் அப்படி நடக்கிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம்.

அன்று அண்ணை கடையில் இல்லை. சார்செலில் ஒரு கலியாண வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தார். பாத்திரம் கழுவும் அக்கா கோழி எடுக்கக் கிடங்குக்குள் இறங்கினார். இறங்கும்போது "கிடங்கு!" என்று கத்தினார். எனக்குப் பக்கத்தில் நின்றபடியால் எனக்குக் கேட்டது. ஆனால் அந்த நேரம் குசினியில் சமையல்காரர் கொத்துரொட்டி அடித்துக்கொண்டிருந்தார். இரண்டு தகடும் இரும்புக் கல்லில் விழும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. மேசைக்குச் சாப்பாடு கொண்டு போகிற தம்பி கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, சமையல்காரரோடு ஏதோ பகிடி விட்டுக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வந்தான். நான் கத்த வாய் திறந்தேன். அதற்குள் அவன் கிடங்குக்குள் போய்விட்டான்.

தட்டுகள் உடைந்த சத்தத்துக்குத்தான் கொத்து நின்றது. கீழே நின்ற அக்காவின் தோளில் தட்டி, படியில் அடிபட்டு, காலை மடித்துக்கொண்டு விழுந்து கிடந்தான். கால் இருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

நான் பொம்பியேக்கு, அவசரத்துக்கு வரும் தீயணைப்புக்காரருக்கு, அடிக்கப் போனை எடுத்தேன். சமையல்காரர் என் கையைப் பிடித்தார்.

"பொம்பியே வந்தால் பின்னாலை பொலிசும் வருமக்கா. அண்ணையும் இல்லை. பொறுங்கோ."

அவரும் சாப்பிட வந்த இரண்டு பேரும் சேர்ந்து அவனைத் தூக்கி அந்தப் படியால் மேலே ஏற்றினார்கள். முறிந்த காலோடு. அவன் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சாப்பிட வந்த ஒருவருடைய காரில் ஏற்றினார்கள். பிரெஞ்சு தெரிந்தவள் என்று என்னைக் கூடப் போகச் சொன்னார்கள். நான் அண்ணைக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

அந்தத் தம்பி வன்னியில் இருந்து வந்தவன். கடையில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. அவனுடைய கார்த், இந்த நாட்டில் இருக்க விடும் அட்டை, புதுப்பிக்க வேண்டிய நேரம். அதற்கு வேலை இருக்க வேண்டும். வேலை போனால் கார்த்தும் இழுபடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அவனை ஒரு கட்டிலில் போட்டார்கள். டொக்டர் வருமுன் அவன் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, வீட்டுப் படியிலை விழுந்தனான் எண்டு சொல்லுங்கோ."

"என்ன?"

"அண்ணைக்குக் கரைச்சல் வேண்டாம். அவர் தானே எனக்கு எல்லாம்."

"அண்ணை உன்னை இப்பிடிச் சொல்லச் சொன்னவரோ?"

"இல்லை. அவருக்கு இன்னும் தெரியாது. நானாத்தான் சொல்லுறன்."

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஒருவரும் கேட்காத பொய். கால் இரண்டாக முறிந்து கிடக்கிறவன், யாரும் சொல்லாமலே, தானாகத் தயாராக வைத்திருக்கிறான். இந்த நாட்டில் வேலையில் நடந்த விபத்தென்று பதிந்தால், கால் குணமாகும்வரை அவனை வேலையால் நிற்பாட்ட முடியாது. சிகிச்சைச் செலவு முழுவதும் காப்புறுதியின் பொறுப்பில். வீட்டில் விழுந்ததென்றால் அவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும்போது கடைக்கு வேறொருவன் வந்துவிடுவான். அதைச் சொன்னேன்.

"அண்ணை என்னை விடமாட்டார்" என்றான்.

"விடமாட்டார் எண்டால் பிறகேன் பொய்?"

டொக்டர் வந்து எப்படி விழுந்தான் என்று கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான். தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

நான் சொன்னேன். வேலையில், கடைக்குள் திறந்திருந்த கிடங்கில் விழுந்தவன் என்று சொன்னேன். முறிந்த காலோடு தூக்கி ஏற்றியதையும் சொன்னேன். டொக்டர் என்னைத்தான் ஏசினார். அது சரிதான், வேறு யாரை ஏசுவது. தம்பிக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்காது. ஆனால் நான் என்ன சொன்னேன் என்பது அவனுக்கு விளங்கியது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நான் போகும்வரை திரும்பவில்லை.

அடுத்த நாள் அண்ணையிடம் நேரே போய்ச் சொன்னேன்.

"முதல் எனக்கொரு போன் அடிச்சிருக்கலாமே தங்கச்சி" என்றார்.

"அடிச்சனான். உங்களுக்கு மேளச் சத்தத்திலை கேட்டிருக்காது."

அவர் கிடங்குக் கதவைப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு வருசமா ஒருத்தரும் விழாத கிடங்கு" என்று தனக்குத்தானே சொன்னார். விபத்தைப் பதிய வேண்டிய இடத்தில் பதிந்தார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன்பின் என்னோடு வேலை விஷயம் தவிர வேறொன்றும் பேசவில்லை.

மற்றவர்கள் அதுவும் பேசவில்லை. சமையல்காரர் மட்டும் எனக்குக் கேட்கும்படி சட்டியோடு பேசுவார்.

"அண்ணையின்ரை சோத்தைத் திண்டிட்டு அண்ணையையே காட்டிக் குடுக்கிற சனம்."

"சோறு சும்மா தரேல்லை, நான் ரோல்ஸ் உருட்டித்தான் தின்னுறன்" என்று நானும் சட்டியைப் பார்த்தே சொன்னேன். நாலு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது எல்லோருக்கும் ஊற்றுவார்கள், என் கோப்பை வெறுமையாக இருக்கும். நானே ஊற்றிக் குடித்தேன். தேத்தண்ணிக்காக அழுகிற ஆள் இல்லை நான். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கதவின்மேல் கால் வைத்துத்தான் வேலை செய்தோம். அதே கதவு. அதே கத்தல். ஒன்றும் மாறவில்லை. அடுத்தது யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, வேலையிடப் பாதுகாப்பைப் பார்க்கும் ஒரு பிரெஞ்சுப் பெண் வந்தார். கிடங்கைப் பார்த்தார். இறங்கி ஏறினார். எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரச் சொன்னார். அண்ணையையும். சட்டம் பேசுவார் என்று நினைத்தோம். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். இதற்கு முன் இதில் விழுந்தவர்கள், விழப் பார்த்தவர்கள் யார்? என்னை மொழிபெயர்க்கச் சொன்னார்.

அண்ணை முந்திக்கொண்டார். "ஒருத்தரும் விழேல்லை. இதுதான் முதல்தரம் எண்டு சொல்லு."

சொன்னேன். அந்தப் பெண் மற்றவர்களைப் பார்த்தார். சமையல்காரர் தலையை ஆட்டினார், இல்லை. பாத்திரம் கழுவும் அக்கா மேசையைப் பார்த்தபடி, இல்லை. கவுண்டரில் நிற்கும் புதுச்சேரிக்காரர் சிரித்துக்கொண்டு, இல்லை.

மொழிபெயர்ப்பது அதோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. ஜீன்ஸை முழங்கால்வரை சுருட்டிக் காலை மேசைக்கு வெளியே நீட்டினேன். கணுக்காலுக்கு மேல் ஒரு நீளத் தழும்பு.

"நான் விழுந்தனான். போன கோடை. அண்டைக்கே இந்தச் சமையல் மாஸ்டரிட்டைச் சொன்னனான். பாத்து நடவுங்கோ அக்கா எண்டு சொன்னவர். சொன்னனீங்களோ இல்லையோ?"

"அது விழுந்ததோ? சறுக்கினது" என்றார் சமையல்காரர்.

"அப்ப உங்கடை முழங்கால்? ஒவ்வொரு நாளும் எண்ணெய் போட்டுத் தேய்க்கிறீங்களே, அது என்ன, ஓடி விளையாடினதோ?"

அவருக்கு முகம் சிவந்தது. அண்ணை அவரைப் பார்த்தார். "உண்மையோடா?"

"ஒருக்கா... அரிசி மூட்டையோடை. நீங்கள் கவலைப்படுவியள் எண்டு சொல்லேல்லை அண்ணை."

பாத்திரம் கழுவும் அக்கா சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கையைக் காட்டினார். பிறகு புதுச்சேரிக்காரர் வாயில் கை வைத்தார்.

"எனக்கு என்னம்மா, இந்த முன்பல்லு கட்டினது எதுக்குன்னு நினைச்சீங்க? வீட்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்ல? வீடு இல்லீங்க, இந்த ஓட்டைதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறோம். ஒவ்வொருவரும் தனித்தனியாக விழுந்து, தனித்தனியாக எழும்பி, அண்ணையின் மனம் நோகக் கூடாதென்று மறைத்திருக்கிறோம். அதனால்தான் அது ஒருவரும் விழாத கிடங்காக இருந்தது.

அண்ணை எழும்பினார். எங்களை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இடுப்புப் பட்டியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"கடை திறந்த முதல் வருசம். நான்தான் முதல் விழுந்தனான். முள்ளந்தண்டிலை வெடிப்பு. தெரிஞ்சால் நீங்கள் பயந்து ஓடிப்போவியள் எண்டு சொல்லேல்லை."

அவர் சுவரோடு ஒட்டி நடப்பது வயிற்றால் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிரெஞ்சுப் பெண் என்னைப் பார்த்தார், மொழிபெயர்ப்பேன் என்று எதிர்பார்த்து. பட்டியைக் காட்டினேன். தலையை ஆட்டி, அவர் எழுதத் தொடங்கினார்.

அதன்பின் பேச்சுத் தொடங்கியது. பேச்சா அது, சண்டை. கம்பி வேலி போடலாம் என்றார் அந்தப் பெண். போட்டால் மூட்டை தூக்க இடிக்கும், நாங்களே கழற்றி எறிவோம் என்றார் சமையல்காரர். இடிக்காமல் எப்படிப் போடுவது என்று கேட்டார் அந்தப் பெண். கடைசியில் மடக்கித் திறக்கிற வேலி வந்தது, மூன்று தரம் இடம் மாற்றிப் போட்டோம். அன்றைக்குத் தேவையான சாமானைக் கடை திறக்குமுன் மேலே எடுத்துவிடுவது என்று முடிவானது. அவசரத்துக்கு இறங்கினால் கொத்து நிற்க வேண்டும். கொத்தை நிற்பாட்டுவதா என்று சமையல்காரர் குதித்தார். பாத்திரம் கழுவும் அக்கா, "அடுத்த முறை என்ரை தலையிலை ஆரும் விழுந்தால் உங்களிட்டைத்தான் வருவன்" என்றார். அதோடு சமையல்காரர் அடங்கிவிட்டார்.

இப்போது திங்கட்கிழமைத் தேத்தண்ணிக்கு அண்ணை கேட்பார், "இந்தக் கிழமை ஆர் விழப் பாத்தது?" முதல் சில வாரம் எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணையே எண்ணெய்த் தரையில் சறுக்கியதைச் சொன்னார். பிறகு மற்றவர்களும் சொல்லத் தொடங்கினார்கள். கத்தி வைக்கிற இடம், சூட்டுத் தாச்சிச் சட்டியைத் தூக்கும் துணி, புகை இழுக்காத மெஷின். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. எல்லாம் திருத்தப்பட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த மெஷின் இன்னும் சரியாக இழுப்பதில்லை. ஆனால் சொன்னால் காதில் விழுகிறது.

தம்பியின் கால் பொருந்தக் கனகாலம் எடுத்தது. வேலை போகவில்லை. கார்த் புதுப்பிக்க அண்ணையே கூட்டிக்கொண்டு போனார். குளிர் வந்தால் கொஞ்சம் நொண்டுவான். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றியும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வேலைக்கு வந்த அன்று நாலு மணிக்கு எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினான். என் கோப்பையையும் எடுத்து ஊற்றி, "இந்தாங்கோ அக்கா" என்று வைத்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு, எங்கள் கடையில் இதுவரை ஒருவரும் விழுந்ததில்லை என்று எந்த முதலாளி சொன்னாலும், நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, அங்கே வேலை செய்கிறவர்களின் கால்களைத்தான் பார்க்கிறேன்.