நடக்கும் பக்கம்

ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த வேலை, முதலாளிகளுக்கு வெளியே தெரியாமல் யோசனை சொல்வது. திருச்சியில் ரகசியமாகச் சந்திக்க இடம் ஏது? ஹோட்டலில் உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் அந்த முதலாளியின் சம்பந்தி இருப்பார். அதனால் காலை ஆறு மணிக்கு ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நடப்போம். கோயிலைச் சுற்றுகிறவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அப்போது வந்துகொண்டிருந்தவர் துவாக்குடியில் இரும்பு வெட்டி ஒட்டும் ஃபேப்ரிகேஷன் தொழிற்சாலை நடத்துபவர். இருபது வருடம் கூட இருந்த மேனேஜர் ராஜினாமா கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"அவர் இல்லன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி சார். ஏன் போறீங்கன்னு கேட்டா, 'உங்களுக்கே தெரியும்'ங்கிறார்."

நான் சொன்னதில் பாதிக்குத் தலையாட்டுவார், வண்டிச் சத்தத்துக்கு நடுவே சொன்ன மீதி தன்னை எட்டாததுபோல நடப்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். புதன்கிழமை ஒரு தண்ணீர் லாரிக்கு ஒதுங்கியதில், வழக்கமான வலப்பக்கத்தை விட்டு அவருடைய இடப்பக்கம் வந்துவிட்டேன். ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டேன். பதிலே இல்லை.

"ஏங்க, செவுத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?" என்று தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பிய முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சே, என்ன மனுஷன் நான்!

"ரெண்டு வருஷமா இந்தக் காது சுத்தமா கேக்கல சார். தெரிஞ்சா, ஆளு முடிஞ்சுட்டான்னு ஆர்டரே தர மாட்டாங்க."

"மேனேஜர்கிட்டயாவது சொல்லுங்க."

"வேணாம் சார். நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

அந்த மேனேஜர் எங்கள் தெருக்காரர். வியாழக்கிழமை மாலை பால் வாங்குமிடத்தில் பொருமினார்: "போன மாசம் ஒய்ஃபுக்கு கேன்சர்னு முதலாளி பக்கத்துல நின்னு சொன்னேங்க. ஃபைல்லேர்ந்து தலையத் தூக்கல. அப்புறம் எப்படி அங்க இருக்கிறது?"

அந்தக் காதைப் பற்றி ஒரு வார்த்தை போதும். ஆனால் அது என் வார்த்தை இல்லையே. வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தினமும் ஐந்தரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடும் மேனேஜர், கடைசி நாள் என்பதால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பியிருந்தார். வீதித் திருப்பத்தில் எங்களுக்கு நேர் எதிரே வந்துவிட்டார். முதலாளியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவருடைய இடப்பக்கமாக விலகி நடந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலாளி என்னைப் பார்த்தார், பிறகு தன் இடப்பக்கமாக விலகிப் போகிறவரைப் பார்த்தார்.

"நில்லுங்க. இந்தப் பக்கம் வாங்க. அந்தக் காது எனக்குக் கேக்காது. 'உங்களுக்கே தெரியும்'னீங்களே, எங்கிட்ட என்ன சொன்னீங்களோ, இன்னொரு தடவ சொல்லுங்க."

மேனேஜர் அப்படியே நின்றார். பிறகு, இத்தனை நாள் நான் நடந்த வலப்பக்கத்துக்கு வந்தார். இருவரும் நடக்க, நான் பின்தங்கிக்கொண்டேன்.

"சார், என் ஒய்ஃபுக்கு கேன்சர்னு அன்னிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னேன்" என்றார். முதலாளி நடப்பதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.