கத்தியிலிருந்து தெறித்த இன்னொரு சில்லு

நம் பழைய ஊழியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக என்னைப் பற்றி ஒரு சிரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் முகத்தில் அப்பிக்கொண்டு வந்த பவுடரால்தான் எனக்குப் ‘பவுடர் மேடம்’ என்று பெயர் வந்ததாம்.

தவறு. மீன் பதப்படுத்தும் ஹாலுக்குள் பவுடர், பூ, வளையல் எதற்கும் அனுமதி கிடையாது. வாசலில் நின்று அதைச் சோதித்தவளே நான்தான். தர அதிகாரியான என் முகத்தில் மாஸ்க் இருந்தது. பவுடர் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்தப் பெயர் ஒரு கத்தியால் வந்தது.

ஹாலின் வாசனை உங்களுக்கு மறந்திருக்காது... குளோரின் தண்ணீர், ஐஸ், பச்சைக் கணவாய். கையுறைக்குள் விரல்கள் விறைத்துப் போகும் குளிர். அந்தக் குளிரில்தான் ஜப்பானிலிருந்து வந்த வியாபாரி ஒரு கத்தியைச் சாம்பிளாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

பவுடர் ஸ்டீல். உருக்கிய எஃகை வாயுவால் சிதறடித்து மாவுபோல ஆக்கி, அந்த மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி இறுக்கிக் கட்டியாக்குவார்கள். எஃகுக்குள் இருக்கும் கடினமான துகள்கள் ஒரே இடத்தில் திரளாமல் சீராகப் பரவும். நம் கத்திகளை ஒரே ஷிப்டில் பலமுறை தீட்டவேண்டும். இது நாள்கணக்கில் கூர் மழுங்காமல் வெட்டியது.

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, கணவாய் வெட்டும் ராணி பக்கத்து மேசைக்காரியிடம் சொன்னாள்:

“ஏளா, பவுடர்ல செஞ்ச கத்தியாம்லா! மிச்சம் கெடந்தா மூஞ்சில பூசிக்கிடலாமான்னு மேடத்துட்ட கேளு.”

ஹாலே சிரித்தது. பெயர் அன்று விழுந்தது.

அந்தச் சிரிப்பில் நான் கடைசியாகச் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. இந்தக் கத்தியால் நெம்பக்கூடாது.

நம் பழைய கத்திகள் மெத்தென்ற எஃகு. ஐஸில் ஒட்டிய கணவாய்க்கு அடியில் செருகி நெம்பினால் வளையும். ஒரு தட்டுத் தட்டினால் நிமிரும். எல்லோர் கையும் அதற்குப் பழகியிருந்தது. பவுடர் ஸ்டீல் வளையாது... தெறிக்கும்.

ஒருநாள் சாயங்காலம். வாசலில் கன்டெய்னர் நிற்கிறது, பெட்டிகள் ஏறப்போகின்றன. வெட்டிப் பார்க்கக் கொடுத்திருந்த அந்தப் புதுக் கத்தியை ராணி ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“மேடம், மத்தியானம் லேசாத்தான் நெம்புனேன். டிக்குன்னு ஒரு சத்தம்... அம்புட்டுதான். பயந்துகிட்டு சொல்லல.”

கத்தியின் விளிம்பில் ஒரு பல் விழுந்ததுபோல் பள்ளம். அந்தத் துண்டு எங்கே?

எல்லா மேசைகளிலும் வேலையை நிறுத்தச் சொன்னேன். லேபிலிருந்து காந்தத்தைக் கொண்டுவந்து மேசை, தரை, வடிகால் வலை என்று தடவினோம். வலையில் ஒரு சில்லு ஒட்டியது. அரிசி நொய்யைவிடச் சிறியது. ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அதைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, கத்தியின் பள்ளத்தோடு பொருத்திப் பார்த்தேன்.

பள்ளத்தில் இன்னும் இடம் இருந்தது. இன்னொரு சில்லு வேண்டும்.

மறுபடி தேடினோம். கிடைக்கவில்லை. மத்தியானத்திலிருந்து ராணி வெட்டிய கணவாய் முழுவதும் ஐஸோடு கட்டிக் கட்டியாக, பிளாக்காக உறைந்து, பெட்டிக்குள் போயிருந்தது.

மேனேஜர் வந்தார். “மெட்டல் டிடெக்டர்ல எல்லாம் ஓடிட்டு மேடம். ஒண்ணும் கத்தல. கப்பல் நமக்காக நிக்குமா?”

நான் வாதாடவில்லை. கிடைத்த சில்லை ஒரு பிளாக்கின் மேல் படுக்க வைத்து மெஷினுக்குள் விட்டேன். கத்தியது.

“பாத்தியளா?” என்றார்.

அதே சில்லைத் திருப்பி, செங்குத்தாக நிறுத்தி மறுபடி விட்டேன். மெஷின் கத்தவில்லை. பிளாக் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பெல்ட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது...

“ஒரு நொய்யத்தனைக்கு இவ்வளவு பவுசா மேடம்?”

“திங்கிற வீட்ல பிள்ளைங்க இருக்கும் சார்.”

ராணி மேசைப் பெட்டிகள் அத்தனையையும் பிரித்தெடுத்து, என் கையாலேயே சிவப்பு அட்டை ஒட்டி, குளிர் அறையில் தனியாக அடுக்க வைத்தேன். கன்டெய்னர் அவை இல்லாமல் போனது. ராணியின் வேலை போகவில்லை. சொன்னவளைத் தண்டித்தால் அடுத்தவள் சொல்லவே மாட்டாள் என்றேன். அதை மட்டும் மேனேஜர் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் என் கணவரின் ஆண்டு நினைவுப் பூசை. விடுப்பு எடுத்திருந்தேன். அன்று இன்னொரு கன்டெய்னர் போயிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அந்த அடுக்கு காலி.

குளிர் அறைச் சாவி ஜெயசீலனிடம் இருந்தது. கேட்டேன். “மேனேஜர் பாத்துக்கிட்டாவ மேடம்” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். மேனேஜரைக் கேட்டேன். “அழிச்சாச்சு” என்றார். எங்கே, யார் முன்னால் என்று கேட்டேன். போனை எடுத்து வேறு யாரையோ கூப்பிட்டார்.

இப்போது இந்தக் கத்தியைப் போனிலேயே வாங்குகிறார்கள். முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. எலும்பை வெட்டாதீர்கள், நெம்பாதீர்கள் என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அன்று நான் தொண்டை வறளச் சொன்னது... என் மருமகள் அதைப் படித்துவிட்டுத்தான் கத்தியைத் தொட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அடுப்படியில் அவள் தனியாக நறுக்குகிறாள். அந்த ஹாலில் இருபது பேர் வேலைசெய்யும்போது கேட்ட பேச்சும் கேலியும் எந்த வீட்டிலும் கேட்பதில்லை.

மேனேஜர் இன்று உயிரோடு இல்லை. ஜெயசீலன் இருக்கிறார், இந்தக் குழுவிலேயே இருக்கிறார்.

ஜெயசீலன், சிவப்பு அட்டை ஒட்டிய அந்தப் பெட்டிகள் அழிக்கப்பட்டனவா, அடுத்த கன்டெய்னரில் ஏறினவா? உங்களுக்குத் தெரியும். போன் செய்ய வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். இங்கேயே, எழுத்தில் பதில் தாருங்கள்.