ஹார்டில் போட்ட நேர்த்திக்கடன்

பிள்ளைகளே, என் மகன் ஆறாவது படித்த வருடம் நடந்ததை எழுதுகிறேன். அந்த வருடத் தவக்காலத்தில் அவனுடைய அம்மா புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. உடம்பில் ரத்தம் குறைவாக இருக்கிறது, அது ஏறினால்தான் ஆபரேஷன் என்று டாக்டர்கள் தள்ளிக்கொண்டே போனார்கள். மூத்தவள் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு இருந்தாள். திண்டிவனத்து வீட்டில் நானும் பையனும் மட்டும்தான். நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். லோடு இறக்கிவிட்டு, பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வரை அவனுக்குத் துணை அக்காளின் லேப்டாப். அவள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது.

அதில் ஒரு கட்டை விளையாட்டு இருந்தது. மண்ணும் கட்டை, மரமும் கட்டை, ஆடு மாடும் கட்டை. முதலில் மரத்தை வெட்டிக் கருவி செய்ய வேண்டும். அதை வைத்துக் கல்லை உடைக்க வேண்டும், கல்லை வைத்து இரும்பு தோண்ட வேண்டும். இப்படி ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். சேர்த்ததைப் பெட்டிகளில் போட்டு வைக்கலாம். நாம் ஆட்டிவைக்கிற ஆள் செத்துப்போனால் அவன் கையில் இருந்ததெல்லாம் கீழே கொட்டிப்போகும். பெட்டியில் இருப்பது மட்டும் தங்கும். அக்காளோடு படித்த பையன் ஒருவன் அதில் 'மோட்' என்று சொல்லி சில புது விதிகளையும் ஏற்றிக் கொடுத்திருந்தான். அதனால் பெட்டிக்குள் வைத்த ரொட்டிகூட நாளானால் கெட்டுப்போகும். கெடாமல் வைக்கக் குளிர்ப்பெட்டி கட்ட வேண்டும். அதற்கு ஏகப்பட்ட இரும்பு வேண்டும். ஆட்டத்தை லேசாக ஆட 'ஈசி' என்றும், கஷ்டமாக ஆட 'ஹார்ட்' என்றும் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஒருநாள் சாயங்காலம் சாப்பிடக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை. மூடி வைக்கலாம் என்று லேப்டாப்பில் கை வைத்தேன்.

"தொடாதப்பா! செத்துட்டா அவ்ளோதான்!"

"செத்தா என்னடா? பொம்மதான?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா வூட்டுக்கு வர்ற வரைக்கும் ஒரு தபாகூட சாவாம ஆடறேன்னு மாதாவுக்கு நேர்ந்துக்கினேன். ஹார்ட்ல போட்டு."

"ஏன்டா ஹார்ட்ல?"

"ஈசியா செஞ்சா அது நேர்த்தி ஆவுமா?"

எங்கள் வீட்டில் நேர்ந்துகொள்வது புதிதில்லை. இவனுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது அவன் அம்மா வெயிலில் செருப்பில்லாமல் மாதா கோயிலுக்கு நடந்திருக்கிறாள். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை தன்னால் முடிந்ததை நேர்ந்துகொண்டிருக்கிறது. விளையாட்டுக்கும் அம்மா உடம்புக்கும் என்னடா சம்பந்தம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த நிமிஷத்திலிருந்து எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து அவனுக்குப் போன் போட்டால், "சாப்ட்டியா?" என்று கேட்பேன். அடுத்து, "அவன் இருக்கானா?" என்பேன். பக்கத்தில் நின்ற மகள் ஒருநாள், "எவன்ப்பா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். பெட்டியில் அடுக்கியிருந்த ரொட்டியெல்லாம் பச்சை பிடித்துவிட்டது என்று காட்டினான்.

"ஆடு கீடு வளத்திருக்கலாமேடா."

"வளத்தேன்பா. ஓநா வந்து தின்னுட்ச்சு. அந்தக் குளிர்ப்பெட்டி இருந்தா ஒரு பேஜாரும் இல்ல. இரும்புதான் பத்தல."

இரும்பு தேடிச் சுரங்கத்துக்குள் இறங்கினான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரும்பு கிடைத்தது. திரும்பும் வழிதான் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி கல். பசியைக் காட்டும் வரிசை முழுதும் காலியானது. பிறகு உயிரைக் காட்டும் சிவப்பு இதயங்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. ஈசியில் வைத்திருந்தால் பாதி உயிரோடாவது நிற்குமாம். ஹார்டில் பசி ஆளையே கொன்றுவிடும்.

"மாத்துடா, ஜல்தியா ஈசிக்கு மாத்து! இப்ப மாத்துனாகூட பொழச்சுக்குவான்!" என்று நான்தான் கத்தினேன்.

அவன் கை போனது. பாதியில் நின்றது. "வேணாம்பா. மாதா பாத்துக்கினு இருப்பாங்க."

கடைசி இதயமும் போயிற்று. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பட்டன். அதை அமுக்கினால் ஆள் மறுபடி எழுந்துகொள்ளும். அவன் அமுக்கவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

"நான் வரலப்பா. அம்மா மூஞ்சிய எப்டி பாக்கறது?"

அதற்கு மேல் விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை. லேப்டாப்பைப் பையில் போட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கட்டில் பக்கத்தில் நின்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் கோபம் வந்துவிட்டது. "ஏன்டா, என் உசுர எடுத்துக்கினு போயி பொட்டிக்குள்ள வெச்சு ஆடிக்கினு இருந்தியா? என்ன ஒரு வார்த்த கேட்டியா நீ? நேர்ந்துக்கறதுன்னா காலு நோவணும்டா. ஒக்காந்த எடத்துலயே நேர்த்தி பண்றாரு தொர!"

பக்கத்துக் கட்டில் அம்மாள்கூடச் சிரித்தாள். பையன் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கும் பசிச்சுதும்மா. அவனுக்கு ரொட்டி இல்லாத அன்னிக்கெல்லாம் நானும் ஸ்கூல்ல சாப்புடல."

இது எனக்கும் தெரியாது. ஊசி குத்தியிருந்த கையை நகர்த்தி அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். இளைத்துத்தான் இருந்தான்.

"அவன் இப்ப எங்கடா?"

"செத்துக் கெடக்கறான்."

"தொற."

திறந்தான். சிவப்புத் திரை அப்படியே இருந்தது. எதை அமுக்க வேண்டும் என்று கேட்டாள். அவன் காட்டினான். அவளே அமுக்கினாள். கட்டை மனிதன் தன் வீட்டுப் படுக்கைப் பக்கத்தில் வெறுங்கையோடு எழுந்து நின்றான்.

"ஏம்மா, இது வார்டா, வீடியோ கேம் கடையா?" என்றபடி நர்ஸம்மா வந்தார்கள். "ரத்தம் ஏத்தற நேரம். எல்லாரும் வெளிய போங்க."

"இரும்மா, ஒரே நிமிசம்." அவள் பையனிடம் கேட்டாள்: "எழுந்துக்கினானே, இவனுக்கு இப்ப பசிக்குமா?"

"பசிக்காதும்மா. எழுந்துக்கினா ஃபுல்லா ஆயிடும்."

"அப்ப நீ போயி சாப்புடு. ஏங்க, இவனுக்கு இட்லி வாங்கிக் குடுங்க. முழுசா துன்றானான்னு பக்கத்துல நின்னு பாருங்க."

கேன்டீனில் அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது.

குருத்தோலை ஞாயிறு கழித்து ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தாள். ஈஸ்டருக்கு அவளால் கோயிலுக்கு வர முடியவில்லை, வீட்டில்தான் படுத்திருந்தாள். பூசை முடிந்து நானும் அவனும் நடந்து வந்துகொண்டிருந்தோம்.

"நான் செத்தும் அம்மா வந்துட்டாங்களேப்பா," என்றான்.

"ஆமாண்டா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் கேட்டான். "அந்த நேர்த்திய அப்பறமா கேட்டு வாங்கிக்குவாங்களா?"

"யாரு?"

"மாதா."

"பெத்த பிள்ளைய குடுத்தவங்கடா அவங்க. உன்கிட்ட எதையும் கேக்க மாட்டாங்க," என்றேன். தலையாட்டினான். சமாதானம் ஆகிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் அவன் மறுபடி லேப்டாப்பைத் திறந்தான். எட்டிப் பார்த்தேன். ஈசிக்கு மாற்றி வைத்திருந்தான்.

"ஏன்டா, ஹார்ட் வேணாமா?"

உள்ளே படுத்திருந்த அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அம்மாவுக்குத் தையல் பிரிக்கட்டும்பா. அதுவரைக்கும் இவன் சாவ வேணாம். அப்பறமா போடறேன்."

அது தப்பு என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, சரி, பிரிக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.