என் வீட்டுக்காரர் பந்தைத் திருப்பிக் கொடுத்த வருஷம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக்காரர் காற்றுப் போன பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் குடியிருக்கிற கீழ் லயத்துக்குப் போனார். என் தம்பியின் காம்பரா வாசலில் அதை வைத்துவிட்டு, "இனிமே இத நீங்களே பாத்துக்கங்கடா," என்று சொன்னார். திரும்பி வந்து தலைக்குக் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பந்தடி டீமுக்கு அவர் மேனேஜராக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. எனக்கு விஷயம் தெரிந்தது மத்தியானம்தான். அதுவும் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற பீலியில், தோட்டமே பேசி முடித்த பிறகு.

அவர் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்கு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பவர். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணத்தின்போது என் வீட்டிலிருந்து ஒரு தையல் மெஷின் போனது. அவர் வீட்டில் அதற்காகக் காத்திருந்தவை ஒரு கட்டு ஜெர்சிகள், எல்லாம் கிழிந்தவை. தோட்டத்தை நிர்வாகம் பண்ணுகிற துரைமார் இருக்கிற இடத்தில் ஒரு கணக்கப்பிள்ளையை மேனேஜர் என்று கூப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் பொடியன்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தால் நானும் அப்படியே கூப்பிடுவேன்.

கெட்டிக்கார மேனேஜர். அதை நான் மறுக்க முடியாது. சனிக்கிழமை ஆட்டம் இருந்தால் வெள்ளிக்கிழமை யாருக்கும் கால் நோகிற வேலை விழாதபடி பார்த்துக்கொள்வார். சரிவில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டுகிறவன் அன்றைக்கு மட்டும் மட்டத் தரையில் புல் செருக்கிக்கொண்டிருப்பான். நோர்வூட் பக்கம், டயகமப் பக்கம் என்று எந்தத் தோட்டத்து டீம் வந்தாலும் எங்கள் பொடியன்கள் வெறுங்காலோடு ஓடி ஓடி அவர்களைத் துவைத்து எடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு டீமிடம்தான் தோற்பார்கள். அது துரைமாரின் கிளப் டீம்.

வருஷத்தில் ஒரு நாள், தை மாதம் பனி விலகின பிறகு, சுற்று வட்டாரத்துத் துரைமாரும் சின்னத்துரைமாரும் சேர்ந்து எங்கள் மைதானத்துக்கு ஆட வருவார்கள். பாதி ஆட்டம் வரை எங்கள் பொடியன்கள் முன்னே நிற்பார்கள். கடைசியில் கோட்டை விடுவார்கள். எப்போதும் ஒரே ஒரு கோல் வித்தியாசம். துரைமாருக்கு பூட்ஸ் இருக்கிறது, நல்ல சாப்பாடு இருக்கிறது, அதனால் கடைசி வரை தாக்குப் பிடிக்கிறார்கள் என்று நாங்கள் பெண்கள் மேட்டில் உட்கார்ந்து நியாயம் பேசுவோம். அந்த வருஷமும் அப்படித்தான் தோற்றார்கள். மறுநாள்தான் அவர் பந்தைக் கொண்டுபோய் வைத்தார்.

ஏன்? மண்டை காய்ந்துவிட்டது எனக்கு.

தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தொழிற்சங்கத் தலைவரோடு மனத்தாங்கல் என்றார் ஒருவர். மூட்டு வாதம் என்றார் இன்னொருவர். கோயில் பூசாரி சனி பார்வை என்று முடித்துவிட்டார். பீலியில் பெண்கள் சொன்ன காரணம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. டீச்சரம்மா கொடுத்த இடிதான் காரணமாம். ஜெர்சி துவைக்க மாட்டேன் என்று நான் முரண்டு பிடித்தேனாம். துவைக்க மாட்டேன் என்று சொன்னது உண்மை. ஆனால் அதை நான் எல்லா வருஷமும்தானே சொன்னேன்?

இது வெறும் வம்பாக இருந்திருந்தால் நானும் நாலு நாளில் விட்டிருப்பேன். இரண்டு வாரம் கழித்துத் தம்பி ஓடி வந்தான். அவன்தான் டீமுக்குக் கேப்டன், ஃபெக்டரியில் வேலை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கே பயமாகிவிட்டது.

"அக்கா, கிரவுண்டுல தேயில நடப் போறாங்களாம். தொர சொல்லிட்டாரு."

மைதானம் என்பது ஃபெக்டரிக்குக் கீழே முன்பு தேயிலைக் கன்று வளர்த்த மேடை. எங்கள் மலையில் மட்டமான நிலம் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். கொழும்பில் இருக்கிற கம்பெனிக் கந்தோருக்கு எப்போதும் அதன் மேல் ஒரு கண். என் வீட்டுக்காரர் பொறுப்பு என்று சொல்லித்தான் துரை அதுவரை சமாளித்து வந்தார். பொறுப்பாக ஓர் ஆள் இல்லையென்றால் மழை பிடித்ததும் கன்று வைத்துவிடச் சொல்லிவிட்டார்களாம்.

"மச்சான் திரும்பி வந்தாத்தான்கா கிரவுண்டு நமக்கு. நீங்க சொன்னா கேப்பாருக்கா. லயத்துல அந்த ஒரு எடம்தானே எங்களுக்கு இருக்கு? அதுவும் போச்சுன்னா பொழுது சாஞ்சா எங்க போறது?"

அவன் அழவில்லை. அழுதிருந்தால் நான் அதட்டியிருப்பேன். லயத்தில் ஒரு காம்பராவுக்குள் ஏழு எட்டுப் பேர் முடங்கிக் கிடக்கிற பிழைப்பு. சாயங்காலம் அந்த மட்டத் தரையில் ஓடுகிற நேரம்தான் அவர்களுக்குக் காலை நீட்டுகிற நேரம். பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பேசினேன். நெத்திலி போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்துப் பேசினேன். முகம் வழிக்கும்போது கண்ணாடிக்கும் அவருக்கும் நடுவில் நின்று பேசினேன். மனுஷன் சரியான கல்லுளிமங்கன். "போதும்னு தோணிச்சு, விட்டுட்டேன்," என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது. துரை மேல் கோபமா என்று கேட்டால் இல்லை. பொடியன்கள் மரியாதை கெட்டுப் பேசினார்களா என்றால் அதுவும் இல்லை. "அப்ப என் மேலயா?" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். "ஒன் மேல கோவம்னா ஒன்னயில்ல விடணும், பந்த ஏன் விடுறேன்?" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்வது.

கடைசியில் மழைதான் உதவி செய்தது. நோர்வூட்டில் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். திடீரென்று மழை கொட்டியது. வழியில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள் ஒதுங்கினோம். ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. கீழே மைதானம் முழுவதும் தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"சொல்லுங்க," என்றேன். "அந்தப் பயலுவளுக்கு எடம் போவப் போவுது. காரணமாவது தெரிஞ்சா நா அவனுகளுக்குச் சொல்லிக்குவேன்."

சாமான் பையைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு, நாங்கள் கல்யாணம் கட்டுவதற்கு முந்தி நடந்ததைச் சொன்னார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம். அப்போதைய வெள்ளைக்காரப் பெரிய துரையின் டீமை எங்கள் பொடியன்கள் ஒரு தடவை ஜெயித்துவிட்டார்கள். அன்றைக்குத் துரை கை கொடுத்தார், சிரித்தார். திங்கட்கிழமை பெரட்டில் ஆடினவன் அத்தனை பேரையும் மேல்மலைச் சரிவுக்குக் கான் வெட்ட அனுப்பச் சொன்னார். மழைக் காலம் முடியும் வரை அங்கேதான். பெயர் வாசித்து அனுப்பியவர் என் வீட்டுக்காரர். ஒருவன் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான்.

"அதுக்கப்பறம் ஜெயிக்க விடல. கடைசியில நா தொப்பியக் கழட்டித் தலயச் சொறிவேன். அப்ப விட்டுரணும். கேப்டனுக்கு அது தெரியும், மத்தவனுக அவனப் பாத்து விட்டுருவானுக."

இத்தனை வருஷம் மேட்டில் உட்கார்ந்து பூட்ஸையும் சாப்பாட்டையும் பற்றி நியாயம் பேசியிருக்கிறேன். ஒரே பாயில் படுக்கிற எனக்குத் தெரியாமல் ஒரு டீமையே தோற்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரி, இந்த வருசமும் கழட்டினீங்க. அதுல என்ன புதுசு?"

"இந்த வருசம் கழட்டல."

இப்போதிருக்கிற துரை வேறு மாதிரி. கொழும்பில் படித்த சிங்களத் துரை, சின்ன வயசு. ஆட்டத்துக்கு முதல் நாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, உங்கள் பொடியன்கள் எல்லாரையும் ஜெயிக்கிறார்களே, எங்களையும் ஒரு தடவை ஜெயித்துக் காட்டச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். இவருக்கு அன்று முழுவதும் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. முன்கூட்டிச் சொன்னால் பொடியன்கள் பதறிப்போவார்கள் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிட்டார். தொப்பியைத் தொடாமல் இருந்தால் போதும், ஜெயித்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"ஒரு கோலு முன்னுக்கு நிக்கிறோம். ஒன் தம்பி காலுல பந்து. கோல் காக்கிற கோலி கீழ விழுந்து கெடக்கான். சும்மா தட்டினாப் போதும். நிக்கிறான். கோலி எந்திரிச்சு வர்ற வரைக்கும் நிக்கிறான். அப்பறம் அவன் கையிலேயே குடுக்கிறான். எல்லாப் பயலும் கால இழுத்துக்கிட்டு நடக்கிறானுக. நா ஒண்ணுமே சொல்லல. யாருமே சொல்லல."

மழையைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"பந்தடி சொல்லிக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். என்னத்த சொல்லிக் குடுத்திருக்கேன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்."

மழை விட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியைப் போய்ப் பிடித்தேன்.

"ஏண்டா, காலுல இருந்த பந்தக் கொண்டுபோய்க் கோலி கையில குடுத்தியாமே?"

சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான். "ஒங்ககிட்ட சொல்லிட்டாரா? மச்சான் தொப்பியக் கழட்டினாருல்ல, அதான்."

"கழட்டல."

"கழட்டினாருக்கா. நா பாத்தேன். இப்பிடிக் கழட்டி, தலயச் சொறிஞ்சாரு."

அன்றைக்கு அவருக்குக் காதுவலி. தொப்பிக்கு மேலே மப்ளரைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு அனுப்பியது நான். சாயங்காலம் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்து அவிழ்த்ததும் நான்தான். அதைச் சொன்னேன். தம்பி சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினான்.

"நா பாத்தேன்கா," என்றான் மறுபடியும். ஆனால் குரலில் பலம் இல்லை.

வீட்டுக்கு வந்து இதை அவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நா கிரவுண்டுக் கோட்டுப் பக்கத்துல நின்னாலே அவனுகளுக்குப் போதும். தொப்பி எதுக்கு?" என்றார். அதன் பிறகு திரும்பிப் போங்கள் என்று நான் அவரைக் கேட்கவில்லை. தம்பியை அவரே பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இனி இவன் பொறுப்பு, இவனுக்கு நான் பொறுப்பு என்று துரையிடம் சொன்னார். துரை ஒரு வருஷம் பார்ப்போம் என்றாராம். மழை பிடித்தது. மைதானத்தில் கன்று வைக்கவில்லை.

அடுத்த தையில் கிளப் டீம் வந்தது. கோட்டுப் பக்கத்தில் மேனேஜர் என்று யாரும் நிற்கக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான். இவர் வீட்டுத் தோட்டத்தில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மேட்டுக்குப் போக ஆசைதான், ஆனால் இவரைத் தனியாக விட மனமில்லை. கீழேயிருந்து சத்தம் வரும்போதெல்லாம் இவர் கை நின்றுவிடும். யார் கத்துகிறார்கள் என்று தெரியாது. என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். நட்ட கம்பையே மறுபடி பிடுங்கி நட்டார்.

வெயில் இறங்கின பிறகு தம்பி வந்தான். உடம்பெல்லாம் சேறு, மூக்கில் ரத்தம் காய்ந்திருந்தது, ஒரு காலை நொண்டினான்.

"தோத்துட்டோம் மச்சான்," என்றான். "மூணு கோலு வாங்கிட்டோம். நாம ஒண்ணுதான்."

இவர் கையில் இருந்த கம்பைக் கீழே போட்டார். "கடைசியில?"

"கடைசி வரைக்கும் ஓடினோம். செத்து செத்து ஓடினோம் மச்சான். கொத்மலப் பக்கத்துலருந்து ஒரு சின்னத்தொர வந்திருக்கான். அவன் காலுல பந்து பட்டா எடுக்கவே முடியல. நானும் ரெண்டு தடவ விழுந்து மறிச்சுப் பாத்தேன்."

"நெசமாவே தோத்தீங்களா?"

"ஆத்தா சத்தியமா, நெசமாவே தோத்தோம்."

இவர் சிரிக்க ஆரம்பித்தார். சேற்றோடு அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவனுக்கு முதலில் விளங்கவில்லை, பிறகு அவனும் சிரித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தா, பாத்துக்கிட்டே நிக்கிறியே, புள்ளைக்கு ரெண்டு முட்ட பொரிச்சுக் கொண்டா," என்று என்னை விரட்டினார். நான் அடுப்படிக்குப் போனேன்.