பொட்டு வைத்த அம்பாசிடர்

ஈரம் ஊறிய சீட்டுப் பஞ்சும் துருவும் கலந்த அந்த நாற்றம் எங்கே மூக்கில் ஏறினாலும், ஆவடியில் எங்கள் தெருமுனையை அடைத்துக்கொண்டு நின்ற பச்சை அம்பாசிடர்தான் நினைவுக்கு வருகிறது. கூடவே எரிச்சலும் வருகிறது. மாற்றலாகி வடக்கே போன ஒருவர் "வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லி விட்டுப்போன வண்டி அது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் லாரி நுழைய முடியாமல் போனது அதனால்தான். ஏற்கெனவே இடுப்பு வலிக்காரியான அம்மா, மெயின் ரோட்டிலிருந்து தினமும் எட்டுக் குடம் சுமந்தாள்.

ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா, ஷிப்ட் முடிந்ததும் வண்டியை அகற்றச் சொல்லி ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். எங்கே போனாலும் வண்டிக்காரரின் கையெழுத்தைக் கேட்டார்கள். இரண்டு வருடம் கடிதம் எழுதி எழுதி, ஒருவழியாகக் கையெழுத்தும் ஆர்.சி. புத்தகமும் தபாலில் வந்துசேர, பழைய இரும்பு எடுக்கும் பூந்தமல்லி "காயலாங்கடை"க்காரர் ஆட்களோடு வருவதாக நாள் குறித்தார்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. சைக்கிள் முதல் தையல் மெஷின் வரை தெருவே பொட்டு வைத்துக்கொண்டிருக்க, அந்த வண்டி மட்டும் மூளியாக நின்றது பத்து வயதுக்காரியான எனக்குப் பொறுக்கவில்லை. சந்தனம் குழைத்து பானெட்டில் மூன்று பொட்டு வைத்தேன். சாமந்திச் சரம் மாட்டி, முன்சக்கரத்தருகே எலுமிச்சம்பழமும் வைத்தேன்.

மறுநாள் கடப்பாரையோடு வந்த காயலாங்கடைக்காரர் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"பூஜ போட்ட வண்டில சுத்தி வெக்க மாட்டேன்மா. மழ உட்டதும் வரேன், ஒண்ணும் நெனச்சுக்காத."

அம்மா என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சின்னக் குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

அந்த மழையில் சக்கரங்கள் ரிம் வரை சேற்றில் இறங்கின. தை மாதம் திரும்பி வந்த காயலாங்கடைக்காரர், இதை இழுக்க முடியாது என்று கையை விரித்தார். அடுத்த கோடை முழுக்க அம்மா சுமந்தாள். கடைசியில் ரோடு போட வந்தவர்கள் புல்டோசரால் அதை அப்படியே பக்கத்து ஏரியில் தள்ளிவிட்டுப் போனார்கள். நாங்கள் குளித்த அந்த ஏரித் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்து எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இன்று அந்த ஏரி இல்லை, அந்தத் தெருவில் குடம் சுமப்பவர்களும் இல்லை. ஆனால் காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலில், என் கணவர் ஓட்டி ஓய்ந்த கார் நான்கு வருடமாக டயர் படுத்துக் கிடக்கிறது. ஆர்.சி.யை ஒப்படைத்து, முறையாகப் பிரிக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்; "அடுத்த வாரம்" என்று நானும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஆயுத பூஜைக்கு வாட்ச்மேன் அதற்கும் பொட்டு வைத்துவிட்டார். அன்று வந்திருந்த அம்மா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"தண்ணி லாரி உள்ள வர வழி இருக்கா?"