பத்து காஜாவில் ஒரு தாராபுரத்துக் கொடி

1926, ஐப்பசி. காலை ஏழு மணிக்கு ஈப்போவில் ரயில் ஏறினேன். வழியெல்லாம் ஈயம் தோண்டிய குட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம், பார்க்க ஆளில்லாமல். பத்து காஜாவில் இறங்கி, ரப்பர் தோட்டத்துக்கு மூன்று மைல் மாட்டுவண்டி. கூலி முப்பது காசு.

“ராக்காயக்கா வீட்டுக்கா? மாடு கறக்காட்டியும் அக்கா வாய் நல்லாக் கறக்கும்லா,” என்றான் வண்டிக்காரன்.

ராக்காயி தோட்டத்தில் பால்மாடு வைத்திருப்பவள். ஓரிடத்தில் தங்காமல் ஊர் ஊராய்ச் சுற்றும் நான், இரண்டு மாதங்களுக்கு முன் பினாங்கில் கப்பலிறங்கியதும், தாராபுரத்திலிருந்து அவள் அண்ணன் கொடுத்தனுப்பிய தட்டைப்பயறு விதையை அஞ்சலில் அனுப்பியிருந்தேன். மாட்டுத் தீவனத்துக்கான நீளக் கொடி. அண்ணன் நிலத்தை விற்றாயிற்று. இனி அங்கிருந்து விதை வராது. இங்கோ, இம்முறையும் தீவனம் போதாவிட்டால் அவள் பாத்தியில் ரப்பர் கன்று நடுவதாகத் துரை சொல்லிவிட்டார்.

ஒன்பது மணிக்குப் பாத்தியருகே நின்றோம். ஒரே நாளில் விதைத்த இரண்டு பயிர்கள். அண்ணன் விதை இடுப்புயரம் இலையாய்ப் பொங்கியிருந்தது. அவள் பத்து வருடமாக இங்கேயே எடுத்து விதைத்தது முழங்காலுக்கும் கீழே. அதற்குள் காய்த்துக் காய்ந்திருந்தது.

“ரெண்டும் ஒரே ஊரு விதைதான் அண்ணே. என்னுது மட்டும் ஏன் குட்டையாப் போச்சு?”

“விதைக்கு எந்தக் காயை எடுப்பீங்க?”

“மொதக் காயத்தான். சாமி பேரச் சொல்லி மஞ்சத் துணியில முடிஞ்சு வைப்போம். ஊருலயும் அப்படித்தானே? பிந்துன காயெல்லாம் இங்க மழையில அழுகிடும்...” பேச்சுப் பாதியில் தன் குட்டைக் கொடியைக் குனிந்து பார்த்தாள்.

ஊரில் மழை ஓய்ந்த வெயிலில் முந்தியதும் பிந்தியதும் சேர்ந்தே முற்றும். இங்கே அவசரமாய்க் காய்த்த கொடிக்கு மட்டுமே பிள்ளைகள். நிதானமாய் இலை விரித்தவை வாரிசில்லாமல் போயின.

“அப்ப அவசரக்காரியவே பொறுக்கிப் பொறுக்கி வளத்திருக்கேன்!”

“உன்ன மாதிரியே, அக்கா,” என்றான் கூடவே வந்து நின்ற வண்டிக்காரன்.

“வாய மூடிக்கிட்டு அந்த அத்தாப்பு ஓலைய எடுடா!”

மதியத்துக்குள் புதுக் கொடியின் ஒரு மூலைக்கு மழை படாதபடி ஓலைக்கூரை எழுந்தது. “மத்தத தீவனத்துக்கு அறுத்தா இந்தத் தடவ துரை வாய அடைச்சிரலாம். இந்த மூலைய தொடமாட்டேன். மொதக் காய சாமியே சாப்பிடட்டும். பிந்துனதுதான் இனி விதை.”

பூக்குமா, கூரைக்குள் முற்றுமா, எங்கள் இருவருக்கும் தெரியாது.

நான்கு மணி ரயிலுக்கு நடந்தே வந்து வழியனுப்பினாள். பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலருகே வந்தாள்.

“மூலை பொழச்சா ஒங்களுக்கும் ஒரு பிடி அனுப்புறேன். எந்த ஊருக்கு அண்ணே அனுப்பணும்?”

வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நாலடி நடந்து, பதிலுக்காகக் காதருகே கை வைத்தாள். நான் இன்னும் ஊர் தேடிக்கொண்டிருந்தேன்.